கல்தொட்டி முக்கு

கல்யாணமாகி நான் புதுக்கோட்டைக்கு வந்தபோது சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு இன்ஜினீயர் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். டிராப்ட்ஸ்மேன் என்பார்கள். ரோடானாலும் பாலமானாலும் சாக்கடையானாலும் முதலில் அவர் மேசையில் கோடாக விழுந்த பிறகுதான் தெருவுக்கு வரும். ஆனால் வேலை டெம்பரவரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலேயிருந்து நீட்டித்துக் காகிதம் வர வேண்டும். வருகிற வரைக்கும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் குடியிருந்தோம். ஒரே அறை, அதில் ஒரு மூலையைத் தடுத்துச் சமையல். தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். அதன் விளிம்பு ஓர் ஆள் உட்காருகிற அகலம். கீழே கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். அந்த அம்மாவை எல்லோரும் ஆச்சி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

புதுக்கோட்டைத் தெருக்கள் நூல் பிடித்தமாதிரி நேராக இருக்கும். எங்கள் முக்கு மட்டும் அப்படியில்லை. நேராக வருகிற வீதியில் சந்தைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு ரோடு சாய்வாக வந்து முட்டும். முட்டுகிற இடத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. கிராமங்களிலிருந்து கடலையும் விறகும் வைக்கோலும் ஏற்றி வருகிற வண்டிகள் அங்கே நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் போகும். அதனால் அந்த இடத்துக்கே கல்தொட்டி முக்கு என்று பேர். மாட்டு வண்டியும் ஜட்காவும் மட்டும் ஓடிய நாளில் அது யாருக்கும் தொந்தரவாக இருந்திருக்காது. நான் போனபோது திருச்சி பஸ், அறந்தாங்கி பஸ், காரைக்குடி பஸ், நெல் லாரி எல்லாம் அந்த முக்கில்தான் திரும்பின.

அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. கோபக்காரர் என்று அர்த்தமில்லை, கூச்சம். முதல் நாலைந்து மாதம் எங்களுக்குள் நடந்த பேச்சை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம்.

"இன்னைக்கு என்ன வரஞ்சீங்க?" என்று நானாகக் கேட்பேன்.

"ஒரு கல்வெர்ட்டு" என்பார். அதோடு முடிந்தது. கல்வெர்ட்டு என்றால் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலம் என்று எனக்குத் தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று.

கார்த்திகை மாதம் ஒருநாள் முக்கில் ஒரு விபத்து. தொட்டியில் நின்ற வண்டிகளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்த பஸ், கடைசி வண்டியின் மாட்டை இடித்துவிட்டது. மாட்டுக்கு முன்னங்கால் போய்விட்டது. வண்டிக்காரர் தெருவிலேயே உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் திட்டாமல், அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

அதற்குப் பிறகு ஆபீசில் முக்கை மாற்றி அமைப்பது என்று முடிவாயிற்று. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரிய இன்ஜினீயர் அவரைக் கூப்பிட்டு, ஆபீசுக்கு வர வேண்டாம், ஒரு வாரம் காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் முக்கிலேயே இருந்து என்னென்ன வண்டி எத்தனை போகிறது என்று எண்ணி, அதற்கப்புறம் வீட்டிலேயே படத்தையும் போட்டு எடுத்து வா என்று சொல்லிவிட்டார். எண்ணிக்கை வருவதற்கு முன்பே இன்ஜினீயர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. தொட்டியைப் பெயர்த்துச் சந்தைப்பேட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் வண்டிகள் முக்கில் நிற்காது. பஸ்ஸெல்லாம் தடையில்லாமல் திரும்பும். அவ்வளவுதான்.

எண்ணத் தொடங்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் இவர் சட்டையைக் கழற்றிவிட்டு, "முதுகுல என்னமோ ஊறுற மாதிரி இருக்கு, பாரு" என்றார்.

பார்த்தேன். சின்னச் சின்னதாக நீர் கோத்த கொப்புளங்கள்.

"இது அம்மைங்க" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு எண்ணணுமே."

"ஆபீசுக்குச் சொல்லி அனுப்பிருவோமா?"

"சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. காயிதம் வர்ற மாசம் இது. என் எடத்துக்கு ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காரு."

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு இறங்கியிருந்தது, அதனால் அந்தப் பயம் இல்லை. "நீங்க பேசாமப் படுங்க. ஜன்னல் இருக்கு. நான் எண்ணுறேன்" என்றேன்.

"ஒனக்கா?"

"வண்டி எண்ணத் தெரியாமலா எட்டாங்கிளாஸ் படிச்சேன்?"

பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

வாசலில் வேப்பிலை கட்டினோம். யாரும் மேலே வர மாட்டார்கள். ஆச்சி மட்டும் தினமும் காலையில் ஒரு செம்பு மோரும் உச்சிவேளையில் கேப்பைக் கூழும் கொண்டுவந்து மாடிப்படியின் நடுவில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். "அடியே, எடுத்துக்க. தம்பிக்கு எப்படி இருக்கு?" அந்த ஒரு வாரமும் அவள் கைச் சோறுதான் எங்களைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். எனக்குச் சமைக்க ஏது நேரம்?

முதல் மணிநேரம் பெரும் குழப்பம். எண்ணி எழுத ஆபீசில் கொடுத்திருந்த பாரத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. பஸ், லாரி, கார், மாட்டு வண்டி, ஜட்கா, கைவண்டி, சைக்கிள். ஒன்றைப் பார்த்துக் குனிந்து கோடு போட்டு நிமிர்வதற்குள் நாலு போய்விடும். ஏழு மணிக்கெல்லாம் அழுகை வந்துவிட்டது. பிறகு ஒரு யோசனை தோன்றியது. ஏழு கொட்டாங்கச்சிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். மடியில் ஒரு படி புளியங்கொட்டை. பஸ் போனால் முதல் கொட்டாங்கச்சியில் ஒன்று, லாரி போனால் அடுத்ததில் ஒன்று. கண்ணைத் தெருவிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, கை தானாகப் போய்விடும். கீழே கடையில் கடிகாரம் அடித்ததும் கொட்டிக் கணக்குப் பார்த்து எழுதிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

அவர் பாயில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். உடம்பெல்லாம் அரிப்பு. சொறியக் கூடாது என்பதற்காகக் கைகளைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். கொட்டை விழுகிற சத்தம் கேட்டால், "இப்ப என்ன போச்சு?" என்று கேட்பார்.

"வைக்கோல் வண்டிங்க. பாதி ரோட்ட அதுவே எடுத்துக்கிருச்சு. பின்னால ஒரு சைக்கிள்காரரு வைக்கோல உருவிக்கிட்டே வாராரு."

"எதுக்கு?"

"தெரியல. வீட்டுல கன்னுக்குட்டி இருக்கும்போல."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொப்புளம் வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார்.

அன்றிலிருந்து தெருவை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். குடையைத் திறக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் போகிற வாத்தியார். கைவண்டியில் ஐஸ் கட்டிக்கு மேல் சாக்குப் போட்டு மூடி, சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துப் பார்த்து வேகமாகத் தள்ளுகிறவர். ஒவ்வொரு நாளும் பத்தே காலுக்கு வருகிற அறந்தாங்கி பஸ்ஸில் கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டுக் கூடைகள் மேலே ஏறியிருக்கும், மணம் மாடி வரைக்கும் வந்துவிடும். "சொல்லு, சொல்லு" என்பார். நிறுத்தினால் அரிப்பு தெரிகிறது என்பார். வேப்பிலைக் கொத்தால் அவர் முதுகை ஒரு கையால் வருடிக்கொண்டே மறு கையால் கொட்டை போட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாளே எனக்கு ஒன்று உறுத்தியது. முக்கில் அதிகமாகப் போனவர்கள் வண்டியில் போனவர்கள் இல்லை, நடந்து போனவர்கள். பால் செம்போடு பெண்கள், கூடைக்காரிகள், ஆட்டுக்கிடாய்களை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் மேலாகப் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பாரத்தில் அவர்களுக்குக் கட்டமே இல்லை. எட்டாவதாக ஒரு கொட்டாங்கச்சி வைத்தேன். பாரத்தின் ஓரத்தில் என் கையாலேயே ஒரு கோடு இழுத்து, 'நடக்கிறவங்க' என்று எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் அக்கா தங்கை. பெரியவளுக்குப் பத்து வயதிருக்கும், சின்னவளுக்கு ஐந்து. தெரு ஓரத்துக்கு வந்ததும் பெரியவள் பைக்கட்டு இரண்டையும் ஒரு தோளில் மாட்டிக்கொண்டு தங்கையை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். பிறகு நிற்பாள். அவள் நிற்பதைப் பார்த்தால் எனக்கு இடுப்பு வலிக்கும். பஸ், லாரி, சைக்கிள், மறுபடியும் பஸ். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று மூன்றாம் நாள்தான் விளங்கியது. மாட்டு வண்டி ஒன்று வந்து தொட்டியில் நிற்க வேண்டும். அது நின்றால் பின்னால் வருகிறதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்கும், அல்லது மெதுவாகும். மாடு தலையைக் குனிந்து தண்ணீரில் வாய் வைத்ததும் இவள் ஓடிவிடுவாள். அவளுக்குப் பின்னால் கூடைக்காரிகள், பால்காரப் பெண்கள், மற்றப் பிள்ளைகள், எல்லோரும். அந்த முக்கில் ஜனங்கள் ரோட்டைக் கடந்ததே மாடு தண்ணீர் குடிக்கிற நேரத்தில்தான்.

நாலாம் நாள் காலை. வண்டி ஒன்று தொட்டியில் நின்றது. பெரியவள் தங்கையோடு இறங்கிவிட்டாள். எங்கள் ஜவுளிக்கடைக்கு முன்னால் தெருவுக்குள் ஆறடி நீட்டி ஒரு தகரச் சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். அது முக்கை மறைத்தது. கீழே இருந்தவர்களுக்கு அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. மேலே இருந்த எனக்கு இரண்டும் தெரிந்தது. சாய்ப்புக்கு இங்கிட்டு பிள்ளைகள், அங்கிட்டு திருச்சி பஸ். வண்டி நிற்பதும் பஸ்காரருக்குத் தெரியவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஏ புள்ள! நில்லு! நில்லுடி!"

என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. பெரியவள் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பஸ் அவளுக்கு முன்னால் பாவாடை பறக்கிற கிட்டத்தில் போயிற்று. புளியங்கொட்டையெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. அவர் பாயிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார்.

"என்ன ஆச்சு? யாருக்காவது..."

"ஒண்ணுமில்லங்க. ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு அவர்மேல் சாய்ந்துகொண்டேன். அம்மை உடம்பு, தொடக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் மாடிப்படியின் அடியில் வந்து நின்று குரல் கொடுத்தார். "ஏம்மா, குடும்பத்துப் பொண்ணு இப்படி நடுத்தெருவுக்குக் கேக்குற மாதிரிச் சத்தம் போடலாமா? கடையில நாலு பேரு இருக்காக."

உள்ளே ஆச்சி அவரிடம் என்னவோ சொல்வது கேட்டது. அன்று உச்சிவேளைக் கூழோடு ஒரு துண்டு வெல்லமும் இருந்தது.

ஒன்பதாம் நாள் அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர். துவட்டிக்கொண்டு வந்து, முதல் வேலையாக ஏழு நாள் பாரங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது.

"இது என்ன? பாரத்துல இல்லாத கட்டத்த நீ எப்படிப் போடலாம்?"

"நடந்து போறவங்களும் போறாங்கல்ல?"

"அவங்க கேட்டது வண்டிக் கணக்கு."

"பஸ்ஸு ஒரு மணிக்கு ஏழோ எட்டோ போச்சு. நடந்தவங்க நூத்துக்கணக்குல போறாங்க. ஏழு பஸ்ஸுக்குக் கட்டம் இருக்கு, அவங்களுக்கு இல்லையா?"

பென்சிலை எடுத்தார், வைத்தார். நானும் கோபத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் பொழுதுக்கும் பேசியிருந்த அறையில் சாயங்காலம் வரைக்கும் சத்தமே இல்லை.

மறுநாள் விடிந்ததும் பார்த்தேன், ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "இங்க வா. நடந்து போறவங்களக் காட்டு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா வந்தாள், தங்கையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றாள். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பஸ், ஒரு லாரி, ஒரு கார். கடைசியில் ஒரு விறகு வண்டி வந்து தொட்டியில் நின்றது. மாடு குனிந்தது. அவள் ஓடினாள். அவளோடு இருபது பேர் ஓடினார்கள்.

"தொட்டியத் தூக்கிட்டா?" என்றேன்.

"கடக்கவே முடியாது" என்றார்.

அன்று ஆரம்பித்து நாலு நாள் வரைந்தார். தாளைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் அரிசி டம்ளரை வைத்து அழுத்திக்கொண்டு வரைவார். நான் எதிரில் உட்கார்ந்து, வண்டி எங்கே வளையும், பஸ்ஸின் பின்பக்கம் எவ்வளவு தூரம் வெளியே வரும் என்று விரலால் காட்டுவேன். தொட்டியைச் சந்தைப்பேட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம், முக்கிலிருந்து நாற்பதடி தள்ளிச் சாய்வு ரோட்டின் ஓரத்தில் உள்வாங்கி வைத்தால் போதும். வண்டிகள் அங்கே நின்று ஒவ்வொன்றாக மெதுவாக வரும். திரும்புகிற பஸ்ஸுக்கு இடைஞ்சல் இல்லை. ரோட்டுக்கு நடுவில் ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் கட்டிய மேடை. ஒரே ஓட்டமாக ஓட வேண்டியதில்லை, பாதி கடந்து நின்று, பார்த்து, மீதியைக் கடக்கலாம். எல்லாம் போட்டாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. அதன்மேல் அவர் பென்சில் நின்றது.

"சாய்ப்பு" என்றார்.

எனக்குத் தெரியும். அந்தத் தகரச் சாய்ப்பை வெட்டாமல் பஸ்காரர் கண்ணுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு" என்றார். "ஒனக்குப் பரவாயில்லையா?"

எனக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த ஜன்னல்தான் அந்த ஊரில் எனக்கு இருந்த எல்லாமும். ஆச்சியின் மோர்ச்செம்பு அப்போதும் எங்கள் அறையில் இருந்தது, திருப்பிக் கொடுக்கவில்லை. "போடுங்க. ஆனா நாளைக்கு நீங்க ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஆச்சிகிட்ட நான் சொல்லணும். தெரியாமச் செய்யக் கூடாது" என்றேன்.

செம்பைத் துலக்கி எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறம் நின்றது.

"எம்புட்டு வெட்டுவாக?"

"ஆறடியும்."

"வெயில் நேரா உள்ள அடிக்குமேடி. துணியெல்லாம் வெளுத்துப் போகும்."

"ஆமா ஆச்சி."

அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "அன்னைக்கு நீ கத்துனியே, அந்தப் புள்ளைக்குத்தான?"

தலையை ஆட்டினேன்.

"அவுககிட்ட நீ சொல்லாத. நான் நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன்" என்று செம்பை வாங்கி உள்ளே வைத்தாள். கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபீசில் நடந்ததை அவர் அன்று சாயங்காலம் வந்து சொன்னார். பெரிய இன்ஜினீயர் கணக்கையும் படத்தையும் பார்த்துவிட்டு, "தொட்டிய எடுன்னு சொன்னா நீ மாத்தி வச்சுக் கொண்டுவந்திருக்க. நடந்து போறவங்க கணக்கு யாரு கேட்டா? இத நீ நேரா பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் பாக்கல சார். வீட்டுல பாத்தாங்க."

"வீட்டுலேருந்து பாத்தியா?"

"இல்ல சார். வீட்டுல... பாத்தாங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துவிட்டார்களாம். அதற்கு மேல் மறைக்க முடியாமல் அம்மையையும் புளியங்கொட்டையையும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்ஜினீயர் தாள்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டிவிட்டாராம்.

"வேலை போச்சு" என்றார் என்னிடம்.

"போகட்டுங்க. எங்க ஊருல வரப்பு அளக்க ஆள் தேவைப்படும்" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். பெரிய இன்ஜினீயரே வந்து நின்றார். பருத்த மனிதர், மூச்சு வாங்கியது. "அந்த ஜன்னல் எது?" என்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஜன்னலில் போய் நின்றார். நான் காபி கலக்கிக்கொண்டு வந்து வைத்தேன். அரை மணிநேரம் நின்றார், காபி ஆடை கட்டிவிட்டது.

"ஏம்மா, அந்தப் பொண்ணு ஏன் போகாம நிக்குது? ரோடு காலியாத்தான இருக்கு?"

"சாய்ப்புக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு அதுக்குத் தெரியாதுங்க. மாடு தண்ணி குடிச்சாத்தான் போகும்."

மாடு வந்தது. குடித்தது. அவள் போனாள். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை என்னிடமே நீட்டினார்.

"எத்தனாவது படிச்சிருக்க?"

"எட்டாங்கிளாஸுங்க."

இவரைப் பார்த்து, "சாய்ப்பு அளவ இன்னும் ஒரு தடவ சரி பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த மாசத்துக் காகிதம் வந்தது. வேலை போகவில்லை.

தை பிறந்து வேலை ஆரம்பித்தது. சாய்ப்பை வெட்டிய அன்று கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. அடுத்த நாள் ஆள் விட்டு, மாசம் முடிவதற்குள் மாடியைக் காலி செய்து தரச் சொன்னார். அதற்குப் பிறகு வழியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயில் நிஜமாகவே உள்ளே அடித்தது. முன்வரிசையில் அடுக்கியிருந்த நல்ல நல்ல புடவைகள் மடிப்பு மடிப்பாக நிறம் போயின.

திருக்கோகர்ணம் பக்கம் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. வாசலுக்கு எதிரில் ஒரு மதில். அவர் ஆபீசுக்குப் போன பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. அப்போது நான் மூன்று மாதம். வாந்தி எடுத்துக்கொண்டு படுத்துக் கிடப்பேன். சாயங்காலம் வந்ததும் அவர் முக்கு வழியாகத்தான் வந்ததாகச் சொல்வார். சுற்று வழி அது, எனக்காகவே போய்விட்டு வருவார். முதல் மாதம் மாடுகள் பழைய இடத்தில்தான் நின்றன என்றார். தொட்டி இல்லாத தரையை மோந்து மோந்து பார்த்துவிட்டு, வண்டிக்காரர் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் நகராமல். பிறகு பழகிக்கொண்டன. மேடையில் வெள்ளாடுகள் ஏறிப் படுத்துக்கொள்கின்றன, ஒரு கட்சிக்காரர் அதில் ஏறி நின்று ஒரு மணிநேரம் பேசினார், பஸ்காரர்கள் இன்ஜினீயர் ஆபீசைத் திட்டுகிறார்கள், இப்படி. பிள்ளைகள் நடுவில் நின்று ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்றும் சொன்னார்.

பங்குனியில் உடம்பு கொஞ்சம் தேறியதும் என்னை அழைத்துக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த முக்கில் எத்தனை ஆயிரம் பேர் போவதை எண்ணியிருப்பேன், நான் ஒருநாளும் அதை நடந்து கடந்ததில்லை. மேலிருந்து பார்க்கும்போது கையகலமாக இருந்த ரோடு கீழே இறங்கினால் ஆறு மாதிரி இருந்தது. காலை எடுத்து வைக்கவே பயமாக இருந்தது.

"வா" என்றார்.

நடு மேடை வரைக்கும் போனோம். ஏறி நின்றோம். பின்னால் ஒரு லாரி, முன்னால் அறந்தாங்கி பஸ், இரண்டு பக்கமும் காற்று அடித்தது. அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் நாலடி தள்ளித்தான் நடப்போம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, பாத்திரக்கடையைத் தாண்டி, பிள்ளையார் கோவிலையும் தாண்டின பிறகுதான் விட்டார். விட மறந்துவிட்டேன் என்றார். நான் மறக்கவில்லை என்று சொல்லவில்லை.

ஆவணியில் மகள் பிறந்தாள். பதினைந்தாம் நாளோ என்னவோ, வாசலில் ஜட்கா ஒன்று வந்து நின்றது. ஆச்சி தனியாக இறங்கினாள். கையில் ஒரு துணி மூட்டை.

"வெளுத்துப் போனதுடி. விக்க முடியாது" என்று மூட்டையை அவிழ்த்தாள். ஆறு பருத்திப் புடவைகள். "தொட்டிலுக்கு இது ஆகும். நல்லா மெத்துன்னு இருக்கு."

"அவுகளுக்குத் தெரியுமா ஆச்சி?"

"கடையில இருந்து எடுத்தா தெரியாமலா இருக்கும்? ஒண்ணும் சொல்லல. அப்ப சரின்னு அர்த்தம்." பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மதிலைப் பார்த்துவிட்டு, "இது என்னடி, செயில் மாதிரி இருக்கு" என்றாள். அன்று பொழுது சாய்கிறவரை இருந்துவிட்டுப் போனாள். மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் ஜன்னலைத் திறப்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அவர் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. அறுபதுகளின் தொடக்கத்தில் அறந்தாங்கிக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றி அவர் முன்னால் போய்விட்டார். நான் இரண்டு பிள்ளைகளோடு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். பஸ் முக்கில் வந்து நின்றது. பள்ளிக்கூடம் சாப்பாட்டுக்கு விட்டிருந்த நேரம். நீலப் பாவாடைகள் வரிசையாக மேடைக்கு ஏறி, நின்று, இறங்கி, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

டிரைவர் என்ஜினை உறுமவிட்டுக்கொண்டு, "இதுக எப்ப முடிச்சு நாம எப்ப ஊரு போய்ச் சேருறது? எவன் கட்டுனானோ இந்த மேடைய" என்றார் கண்டக்டரிடம்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பச்சப்புள்ளைக, போகட்டும் விடுப்பா" என்றாள்.

கடைசிப் பிள்ளையும் ஓரம் போய்ச் சேர்ந்தது. பஸ் திரும்பியது. மகன் என் தோளில் தூங்கிவிட்டிருந்தான், அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தேன்.